ஒரு கரண்டி காடி

முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. நேற்று ராத்திரியிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

கிழக்கே நூறு, மேற்கே நூறு, வடக்கே நூறு. முந்நூறு தடவை நெற்றி தரையில் பட விழுந்து எழுந்தாயிற்று. தெற்கே நூறு விழுந்தால் பெரிய வெள்ளி முடிந்தது.

அதற்குள் கல்குவாரி லாரி கோவில் வாசலில் வந்து நின்றது.

பெகீத்தின் தொடையை ரம்பம் கிழித்துவிட்டதாம். அவனுடைய ரத்தம் லேசில் கிடைக்காத வகை; யாருக்கும் கொடுக்கலாம், ஆனால் அதே வகையைத்தான் ஏற்கும். மினியா மலையில் கல் வெட்டுகிற எங்கள் ஆட்களில் அந்த ரத்தம் அவனுக்கும் எனக்கும்தான்.

பாதிரியார் அபூனா யூஸ்தோஸ் ஜெபத்தை நிறுத்திவிட்டு, பிஷாரா என்று என்னைப் பார்த்தார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எழுந்து போகாமல் என்ன செய்வது.

இப்போது ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். திரைக்கு அந்தப் பக்கம் பெகீத் கிடக்கிறான். மூச்சு விட்டு விட்டுக் கேட்கிறது.

எதிரே நர்ஸ் பெப்ரோனியா. எங்கள் சபைப் பெண். கையில் பழச்சாறு டப்பாவும் ஒரு ரொட்டியும். காய்ந்த வயிற்றில் ரத்தம் எடுத்தால் நான் விழுந்துவிடுவேன், டாக்டர் விடமாட்டார், முதலில் இதைக் குடி என்கிறாள்.

பொழுது சாய ஒரு மணி நேரம்தானே, பொறுக்கக் கூடாதா என்றேன்.

எனக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது, அவனுக்கு இல்லை என்றாள்.

ஒன்பது வயதில் பிடித்த நோன்பு இது. முப்பத்தொரு பெரிய வெள்ளி. வெயிலில் கல் சுமந்த வருஷமும் விடவில்லை. அப்பாவைப் புதைத்த வருஷமும் விடவில்லை. போன வருஷம் என் மனைவி ஐதாவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போனை அணைத்து வைத்துவிட்டு நானூறும் விழுந்து எழுந்தேன். முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிது என்றார்கள். என் நோன்பின் பலன் என்று ஊரெல்லாம் சொன்னேன். எவனும் மறுக்கவில்லை.

இந்தப் பெகீத் இருக்கிறானே, ஒரு நாள் வயிற்றைக் கட்டத் தெரியாதவன்.

அதே போன வருஷம்தான். ஜெபம் முடிந்து ஆளுக்கு ஒரு கரண்டி காடி வாங்க வரிசையில் நின்றோம். கர்த்தருக்குச் சிலுவையில் கொடுத்த காடி. நாள் முழுக்கக் காய்ந்த நாக்கில் முதலில் அதுதான் படவேண்டும். எனக்கு முன்னால் பெகீத். அவன் திரும்பினபோது வாயிலிருந்து மாம்பழ வாசனை குப்பென்று அடித்தது.

தோளைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்தேன்.

"மாம்பழம் தின்ன வாய்க்குக் காடி எதுக்குடா?"

சபையே சிரித்தது. அவன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு போனான். இந்த வருஷம் கோவில் பக்கமே வரவில்லை. பெரிய வெள்ளியும் அதுவுமாய்க் கல் வெட்டப் போயிருக்கிறான்.

இதையெல்லாம் பெப்ரோனியாவிடம் சொன்னேன். அப்படிப்பட்டவனுக்காக நான் முப்பத்தொரு வருஷத்தைக் கெடுக்கவா என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. அவள் உதடும் வெடித்துத்தான் இருந்தது. டப்பாவில் உறிஞ்சுகுழலைக் குத்தி என் முன்னால் வைத்தாள்.

"போன வருஷமும் இதே நாற்காலிதான் அண்ணே, இதே மாம்பழச் சாறுதான். ஐதா அக்காவுக்கு ரத்தம் நிக்கவே இல்ல. உங்களுக்குத்தான் முதல்ல போன் போட்டோம்."

நான் திரையைப் பார்த்தேன்.

ரத்தம் கொடுத்தவன்தான் சொல்லக் கூடாது என்றானாம். பிஷாரா கோவிலில் விழுந்து எழுந்துகொண்டிருக்கிறான், தெரிந்தால் அவனுக்கு நோன்பில் மனசு நிற்காது, விட்டுவிடு என்றானாம். பாதி ரொட்டியைக்கூட வைத்துவிட்டு, காடிக்கு நேரமாகிறது என்று ஓடினானாம்.

அந்தக் காடிக்குத்தான்.

திரைக்குக் கீழே அவன் வலது கை தொங்கியது. கல்மாவு அப்பிய கை. மணிக்கட்டின் உள்பக்கம் பச்சை குத்திய சிலுவை, எனக்கு இருப்பது போலவே. ஒரே திருவிழாவில், ஒரே ஊசியில், ஒருவன் கையை ஒருவன் பிடித்துக்கொண்டு குத்திக்கொண்டது.

இவன் என் ஊர்க்காரன். என் சபைக்காரன். என்னோடு கல் சுமந்தவன். நெஞ்சு நிமிர்ந்தது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளும் அப்படி நிமிர்ந்ததில்லை. என்னை நினைத்து இல்லை.

டப்பாவை எடுத்தேன். மாம்பழ வாசனை.

உறிஞ்சினேன். கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினேன். ரொட்டியையும் தின்றேன். பிறகு சிலுவை இருக்கிற கையையே நீட்டினேன். ஊசி போட்டு முடிக்கும் வரை பெப்ரோனியா நிமிரவில்லை.

ரத்தம் ஓடத் தொடங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் மூச்சு கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

தெற்கே நூறு பாக்கி. அதை அடுத்த வருஷம் கர்த்தரோடு தீர்த்துக்கொள்ளலாம்.

பெகீத்துக்கு நான் ஒரு கரண்டி காடி கடன்.