கவிழ்த்து வைத்த சீட்டு

“ஹாஸ்டல்ல எனக்குத் தூக்கமே வரல மேடம். இன்னிக்கு ராத்திரி பஸ்ல ஊருக்குப் போயிடலாம்னு இருக்கேன். எனக்கு இந்தக் காலேஜே வேணாம்.”

எதிரில் இருந்த அக்கா, கையிலிருந்த சீட்டை ஒரு தடவை பார்த்தாள். பேசியவளையும் பார்த்தாள். சீட்டை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

அக்காவுக்கு அது உளவியல் கடைசி வருடச் செய்முறைத் தேர்வு. நாடகமும் உளவியலும் சேர்த்துப் படிக்கும் முதல் வருடப் பெண் நோயாளியாக நடிப்பாள். அக்கா கேள்வி கேட்டு ஆலோசனை சொல்ல வேண்டும். நோயாளி யார், என்ன பிரச்சினை என்பது குலுக்கலில் வந்த சீட்டில் இருக்கும். அது இவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். மூலையில் மார்க் போட உட்கார்ந்திருக்கும் பேராசிரியருக்குக்கூடத் தெரியாது. இதில் தேறினால்தான் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி இடம்.

நடிக்க வந்தவளுக்கு விடுதியில் பட்டப்பெயர் ரேடியோ. வாயே மூடமாட்டாள்.

“வீட்டுல சொல்லிட்டீங்களா?”

“அம்மா தினமும் போன் பண்ணுவாங்க. ‘எப்படிடி இருக்க’ம்பாங்க. ‘சூப்பரா இருக்கேம்மா’ம்பேன். மூச்சை இழுத்து வயித்துல பிடிச்சுக்கிட்டுப் பேசினா குரல் நடுங்காது மேடம். நாடக கிளாஸ்ல கத்துக்கிட்டதுலயே அது ஒண்ணுதான் உருப்படியா வருது.”

பேராசிரியர் சிரித்துக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டார்.

அக்காவின் முன்னால் பத்துக் கேள்விகள் அச்சடித்த தாள் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

“இப்ப மூச்சைப் பிடிக்காமப் பேசு.”

ரேடியோ வாயைத் திறந்தாள். முதல் வார்த்தையே நடுங்கியது.

“கிளாஸ்ல எல்லாரும் சின்ன வயசுலயே மேடை ஏறினவங்க. நான் வசனம் பேசினாலே சிரிக்கிறாங்க. அதான் அவங்க சிரிக்கிறதுக்கு முன்னாடி நானே சிரிச்சிடறேன். அப்புறம் பாத்ரூம் போய், குழாயைத் திறந்துவிட்டுட்டு...”

“எவ்வளவு நேரம் குழாய் ஓடும்?”

“பக்கெட் ரெண்டு வாட்டி நிரம்பி வழியற வரைக்கும்க்கா.”

அக்கா ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மணி அடிக்கும்வரை ரேடியோ அழுதாள், அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பிரமாதம்மா. நடிப்புன்னே தெரியல” என்றார் பேராசிரியர், ரேடியோவிடம். பிறகு அக்காவிடம் திரும்பினார். “உனக்கு என்ன ஆச்சு? பத்துக் கேள்வியில ரெண்டுகூட உருப்படியா கேக்கல. நோயாளியைப் போய் ‘நீ’ங்கிற. இதுக்கு எப்படி நான் பாஸ் போடறது?”

“சரிங்க சார்.”

வெளியே வராந்தாவில் ரேடியோ பின்னாலேயே ஓடிவந்தாள்.

“என்னால உங்க மார்க் போச்சேக்கா.”

“போகட்டும். அடுத்த தடவை எழுதிக்கிறேன்.”

“ஆனா ரொம்ப தேங்க்ஸ்க்கா. இங்க வந்ததுல இருந்து யாரும் என்னை இப்படிப் பக்கத்துல உக்காந்து கேட்டதில்ல.” நாக்கைக் கடித்துக்கொண்டாள். “என்னைன்னா... அந்த கேரக்டரை.”

“பஸ் எத்தனை மணிக்கு?”

ரேடியோ மூச்சை ஆழமாக இழுத்தாள்.

“அய்ய, அது நடிப்புக்கா.” குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

“சரி, நடிப்பாவே இருக்கட்டும். வா, உன் ரூமுக்குப் போய் கட்டி வச்ச பெட்டியைப் பிரிச்சு அடுக்கலாம்” என்றபடி, மேஜையிலிருந்து எடுத்து மடித்து வைத்திருந்த சீட்டை அக்கா அவள் கையில் கொடுத்தாள்.

‘நோயாளி: ஆண். வயது நாற்பத்தைந்து. லாரி ஓட்டுநர். விபத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே பயப்படுகிறார்.’