எட்டடி நெட்டிலிங்கம்

"இன்னும் நெருக்கமா நடுய்யா! அந்தப் பக்கத்துலேருந்து ஒரு ஈ கூட எட்டிப் பார்க்கக் கூடாது!"

இடுப்பில் கைவைத்தபடி மேனேஜர் கத்தினார். வீட்டுப் பின்பக்கக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தையல்காரரின் ஜன்னல். ஜன்னலோரம் மெஷின், அதற்கு மேலே குனிந்த தலை.

"இவ்வளவு நெருக்கமா நட்டா வேர் பிடிக்காதுங்க" என்றார் தோட்டக்காரர்.

"உன் யோசனையைக் கேட்டேனா? இன்னைக்கே சுவர் மாதிரி நிக்கணும். அதுக்குத்தானே எட்டடி நெட்டிலிங்க மரமா பார்த்து எடுத்தேன்!"

"மெதுவா பேசுங்க. அவர் காதுல விழுது" என்றாள் மனைவி.

"விழட்டுமே! துணி தைக்கிறவன் துணியைப் பார்க்கணும். இவன் கண்ணு பூரா நம்ம வீட்டு மேலதான். போன மாசம் வாசலுக்கே வந்துட்டான், 'சார், ஒரு விஷயம்'னு இழுத்துக்கிட்டு. மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்தினேன் பாரு!"

கொடிக்கயிற்றுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மேனேஜரின் அப்பா, தோட்டக்காரரைப் பார்த்துச் சிரித்தார். பாவம், எல்லாம் மறந்துபோன மனிதர். மூன்று தடவை பின்பக்கத்துச் சந்துக் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிட்டார். மூன்று தடவையும் முன்னறையில் லேப்டாப்போடு இருந்த மேனேஜருக்குப் போன் வந்தது. "சார், பெரியவர் கிளம்பிட்டார்." அவ்வளவுதான், போன் கட். ஓடிப்போய் சந்திலேயே பிடித்துவிட்டார்.

"அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிடலாங்க" என்றாள் மனைவி.

"எதுக்கு? தெருவுல போற யாரோ புண்ணியவான் பார்த்துச் சொல்றாரே. வாசல் பலகையில நம்பரைப் பெருசா எழுதிப் போட்டது யார் மூளை? அவரும் மனுஷன், இவனும் மனுஷன்! 'நல்லவர்'னே அவர் நம்பரைப் பதிஞ்சு வெச்சிருக்கேன்."

"ஒரு தடவை கூப்பிட்டு நன்றி சொன்னீங்களா?"

"சொல்லலாம், சொல்லலாம். நேரம் எங்கே இருக்கு?"

நேரம் எப்படி இருக்கும்? பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டவே ஐயாவுக்குப் பகல் பூராவும் போதவில்லை!

மாலைக்குள் பச்சைச் சுவர் எழும்பிவிட்டது. ஜன்னலும் இல்லை, தலையும் இல்லை. ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்ட மாதிரி மேனேஜர் மீசையை நீவிக்கொண்டார்.

புதன்கிழமை காலை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மேனேஜர் ஒரு மணி நேர மீட்டிங்கை முடித்துவிட்டுப் பின்பக்கம் வந்தார். நாற்காலி காலி. சந்துக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

"அப்பா! அப்பா!"

சந்தின் இரண்டு முனைக்கும் ஓடிப் பார்த்தார். ஆள் இல்லை. அப்பால் லாரிகள் பறக்கிற பெரிய ரோடு. மூச்சிரைக்கத் திரும்பி வந்து போனைப் பார்த்தார். ஒரு அழைப்பும் இல்லை.

"பாழாப்போன நல்லவன், இன்னைக்குன்னு பார்த்து எங்கே போய்த் தொலைஞ்சான்?"

வேலியோரம் நின்றபடியே அந்த நம்பரை அழுத்தினார்.

மரங்களுக்குப் பின்னால் தையல் மெஷின் சத்தம் நின்றது. அங்கே ஒரு போன் அடித்தது.

"சொல்லுங்க சார். மூணு நாளா இங்கேருந்து ஒண்ணுமே தெரியல... பெரியவர் நல்லா இருக்காரா?"