வியாழக்கிழமைக் கொழுக்கட்டை

தில்லைநாயகத்துக்குச் சர்க்கரை நோய். அவர் சாப்பிடுவதையெல்லாம் கையில் ஒட்டிய உணர்கருவி வில்லை தானியங்கிச் சமையலறைக்குச் சொல்லிவிடும். மிச்சக் கலோரிக்குத் தக்கபடி சமையலறையே இரவுச் சாப்பாட்டைச் செய்துவிடும். வியாழக்கிழமைகளில் மட்டும் ஒரே ஒரு தோசை வந்தது.

மனைவி செண்பகம் சமையலறையிடமே கேட்டாள். "ஏன் குறைச்சே?"

"மதியம் வெளியே இரண்டு கொழுக்கட்டை சாப்பிட்டிருக்கிறார்."

"யாரு வீட்லங்க?" என்று கணவரைப் பார்த்தாள்.

"வானதி வீட்ல" என்றார், தயங்கி.

சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகள். செண்பகம் அவளோடு பேசி நாலு வருஷமாகிறது. "மாவு வெடிக்காம வருதா அவளுக்கு?" என்று கேட்டாள்.

"நீயே வந்து பாரேன்."

அடுத்த வாரம் அவர் கிளம்புவதற்கு முன்பே, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.