கண்ணாடியை ஏற்றினால் கேட்கும் துடுப்பு

ஜேசன் ஆசையாக வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரில் சாலை இரைச்சல் காதைப் பிளந்தது. அவன் மனைவி டெபோரா அதில் ஏறவே மறுத்தாள். அதனால் காரைக் கீழ்க்கட்டளையில் ஒரு பட்டறையில் கொடுத்து, தரையிலும் கதவுகளிலும் சத்தம் தடுக்கும் ஷீட் ஒட்டி வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இருவரும் அதில் திரும்பினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நெருங்கியதும் காரின் அடியில் தண்ணீர் சலசலத்தது. பக்கத்தில் யாரோ துடுப்புப் போடுவது கேட்டது.

"உனக்கும் கேக்குதா?" என்றாள் டெபோரா.

ஜேசன் கண்ணாடியை இறக்கினான். லாரிச் சத்தம் மட்டுமே உள்ளே வந்தது. ஏற்றியதும் மறுபடி துடுப்பு, காரின் வேகத்துக்கே வந்தது.

"கொஞ்சம் ஸ்லோ பண்ணு, ஜேசன். அவங்களுக்கு மூச்சு வாங்குது."

அவன் வேகத்தைக் குறைத்தான். துடுப்பும் நிதானமானது. பிறகு அந்தக் காய்ந்த சாலையில் அவர்களை மெல்லக் கடந்து முன்னே போனது.