பெயர் போடாத மூன்று நாடுகள்

கரும்பலகையில் மூன்று கட்டங்கள். மேலே நாடுகளின் பெயர் இல்லை. அ, ஆ, இ என்று மட்டும்.

குடிமையியல் வாத்தியார் வருடா வருடம் இப்படித்தான் தொடங்குவார். ஒரு நாட்டில் ஆட்சி எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்வார். எந்த நாடு என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வருடம் கடைசி பெஞ்சில், மடியில் நோட்டுடன், துறை அதிகாரி.

போன மாதம் பக்கத்துப் பள்ளிக்கும் இதே நோட்டுதான் போனது. அங்கே வரலாறு எடுத்தவர் வீட்டில் இன்றுவரை பூட்டுத் தொங்குகிறது.

அதனால் வாத்தியார் மூன்றையும் கடல் தாண்டிய நாடுகளாகப் பொறுக்கியிருந்தார். சொந்த நாட்டைச் சேர்க்கவே இல்லை. பாம்புப் புற்றில் கைவிட அவருக்கென்ன பைத்தியமா?

அ-வில் ராணி உண்டு, அதிகாரம் இல்லை. கண்டுபிடித்துவிட்டார்கள். ஆ-வில் பிரதமரே கிடையாது. அதையும்.

இ-யைப் படித்தார். தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். எல்லாப் பத்திரிகையும் ஒரே தலைப்புப் போடும். எதிர்த்துப் பேசினால் வீட்டுக்கு வண்டி வரும்.

“இதுகூடத் தெரியாதா சார்? நம்ம நாடுதான!”

பெண் பிள்ளைகள் பக்கமிருந்து ஒரு குரல். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

சிரிப்பு பின்னால் போய், கடைசி பெஞ்சுக்கு முன்னால் செத்தது.

“மொதல்ல சொன்னது யாரு சார்?” அதிகாரிக்கு முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன.

இ வேறு நாடு என்று வாத்தியார் சொல்லலாம். அதுதான் உண்மை. சொன்னால் அவர் தப்பிப்பார். ஊரான் நாட்டில் நம் நாட்டைப் பார்த்த பிள்ளை மாட்டும்.

சாக்பீஸை எடுத்தார். இ-க்கு மேல் நம் நாட்டின் பெயரை எழுதினார்.

“நான் சொல்லிக்குடுத்ததத்தான் சொல்லுதுங்க. விடை சரி.”

அதிகாரி எழுதினார். நோட்டை மூடினார். “கொஞ்சம் எங்கூட வாங்க சார்.”

வாத்தியார் கையிலிருந்த தூளைத் தட்டிவிட்டு நடந்தார். வாசலை நெருங்கினார்.

மூன்றாம் பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். வீட்டுப் படியைத் தாண்டினால் ‘சார்’தான் என்பது அவளுக்கும் அவருக்கும் ஒப்பந்தம். மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அவள் மீறியதில்லை.

“அப்பா!” என்றாள்.

அதே குரல்.

அதிகாரி நின்றார். நோட்டைத் திறந்தார்.