நேரலைக்கு ஒரு புருவம்

கோப்பாயில் அழகுநிலையம் நடத்தும் நிவேதனா, கதிரையில் வந்து இருந்த மங்களேஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். மருந்துக்கு உதிர்ந்த புருவத்தில் ஏழெட்டு மயிர்தான் மிச்சம்.

"புருவத்திலை பச்சை குத்தினால் நோகும், அன்ரி. வீட்டிலை ஏதும் விசேஷமோ?"

"ஓம் பிள்ளை. வீடியோக்காரனுக்கும் சொல்லியாச்சு. ரொறன்ரோவிலை மகளும் லண்டனிலை மகனும் லைவ்விலை பார்ப்பினம்."

"நேரிலை வரமாட்டினமோ?"

"ஃபோன் எடுத்தாலே 'வேலையம்மா' எண்டு வைச்சிடுவினம். ஆனால் இதைக் கட்டாயம் பார்ப்பினம். பார்க்காட்டில் சனம் கதைக்குமெல்லே!"

இரண்டு மணித்தியாலம் ஊசி ஓடியது. மங்களேஸ்வரி ஒருமுறைகூட முனகவில்லை.

"ஐயோ, என்ன வடிவு! கமராவைப் பார்த்து நல்லாச் சிரியுங்கோ, அன்ரி. ஒரு மாசத்தாலை திரும்ப வாங்கோ, இன்னொருக்கா நிறம் ஏத்தவேணும்."

"அதுவரைக்கும் இருக்கமாட்டன், பிள்ளை. டொக்டர் மூண்டு கிழமைதான் எண்டவர்."

மங்களேஸ்வரி கதிரையில் சாய்ந்து, கைகளை நெஞ்சில் வைத்துக் கண்களை மூடினார்.

"செத்தவீட்டிலை இப்பிடித்தானே கிடப்பன். பார்த்துச் சொல்லு, வடிவாய் இருக்கோ?"