பழைய ஆப்பின் கோளாறு

பியூலாவின் செயற்கைக் கண்களில் புதிய ஓ.எஸ். ஏறியதும், சுவரில் ஊரும் எறும்பின் கால்கள்கூடத் தெரிந்தன. எதிரே நின்றவரைத்தான் யாரென்று தெரியவில்லை.

"நாந்தான். வேற யாரு?" என்றது கணவர் அருமைராஜின் கடுகடுத்த குரல்.

கல்யாணமான நாளிலிருந்து பழைய ஆப் வழியாக அவள் பார்த்துவந்தது அறுபது ஒளிப்புள்ளிகளாலான அருமைராஜை. இந்த முகம் யாரோ ஒருவருடையது.

"பழைய ஆப் இதுல ஓடுமாம்மா?" என்று டெக்னீஷியன் பெண்ணிடம் கேட்டாள்.

"ஓட வைக்கலாம்க்கா," என்றாள் அந்தப் பெண்.

பார்வையின் ஓரத்தில் சின்ன ஜன்னல் திறந்தது. அதில் அவளுடைய அருமைராஜ் புள்ளிகளாக நின்றார். அவர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் கீழ்வரிசையில் மின்னும் ஒரு புள்ளி இப்போதும் மின்னியது. அது ஆப்பின் கோளாறு என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"என்னத்த பாக்க?" என்று அதட்டினார்.

அந்தப் புள்ளியின் இடத்தை அவர் முகத்தில் தேடினாள். அங்கே, சத்தமே இல்லாமல், அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.